பம்பு இழுத்த தண்ணீர்

லகாட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில் எழும்பும் வீடுகளுக்கு நான் மேற்பார்வையாளன். புதிதாக ஊற்றிய சிமெண்டுத் தளம் வெடிக்காமலிருக்க, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் போகும் பெரிய குழாயில் பம்பு பொருத்திப் பகல் முழுக்கத் தண்ணீர் விட்டோம். வழிந்தது சாலைவரை ஓடியது.

ஒருநாள் கீழே பழைய தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டிலிருந்து ஓர் அக்கா வாளியோடு வந்தார்.

"தம்பி, காலையிலேருந்து பைப்புல தண்ணி இல்லலா. ஒரு வாளி பிடிச்சிக்கவா?"

"எடுத்துக்குங்கக்கா," என்றேன், ஏதோ தானம் செய்பவனைப்போல. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதுதான் உறைத்தது. அதே குழாயில் எங்கள் பம்பு இழுப்பதால்தான் அவர் வீட்டில் தண்ணீர் இல்லை.

மாலையில் நன்றியாக ஒரு போத்தல் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பம்பை நிறுத்தினேன். தளத்தின் மேல் ஈரச் சாக்குகளை விரித்தோம். அவற்றை நனைக்க மழைத் தண்ணீர் பிடிக்கும் தொட்டியும் வைத்தோம்.

சில நாள் கழித்து அக்கா வழியில் நிறுத்திச் சொன்னார்: "இப்ப நல்லா வருது தம்பி. தண்ணி ஆபீஸ்காரங்க சரி பண்ணிட்டாங்க போல."

"ஆமாக்கா," என்று தலையாட்டினேன். இப்போதெல்லாம் அந்த லயத்து வழியாக நான் வேலைக்குப் போவதில்லை.