முதல்ல கெட்டதைக் காட்டு

“அதை அப்புறம் பார்க்கிறேன். முதல்ல கெட்டுப்போனதைக் காட்டு.”

மேசைமேல் ஜோராகச் சுழன்றுகொண்டிருந்த காற்றாலையை இயற்பியல் டீச்சர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேசையின் மறுபாதியில் கிடந்த வளைந்த தகட்டின் மேலும் கருகிய கம்பியின் மேலும் குனிந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கம்பியை எடுத்து முகர்ந்தும் பார்த்தார். “நல்லாத்தான் கருகியிருக்கு” என்றார். பரிசு வாங்கியவன்போல மாணவன் நெளிந்தான்.

பள்ளியில் அவருக்கு ‘உடைசல் டீச்சர்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். அவர் கைப்பையில் சீப்பு இருக்காது, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். ஆசிரியர் அறையில் யார் கடிகாரம் நின்றாலும், யார் குடை மக்கர் செய்தாலும், “குடுங்க, என்ன கேடுன்னு பார்ப்போம்” என்று வாங்கிக்கொள்வார். சரியாகித் திரும்பிய கடிகாரங்கள் குறைவுதான். ஆனால் அது ஏன் நின்றது என்று அவர் விளக்குகிற அழகில், போனால் போகிறது கடிகாரம் என்று தோன்றிவிடும்.

கடைசி வகுப்பு முடிக்கும் ஒவ்வொருவரும் தானாக ஒரு வேலையை எடுத்து, வருடம் முழுக்கச் செய்து, நடுவர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. இந்த விதியை இந்த வருடம் கொண்டுவந்தவர் அவர்தான். கையெழுத்துப் போட்டவர் தலைமையாசிரியர். வம்பு தும்புக்குப் போகாதவர் அவர். தொலைபேசியை எடுக்கும்போதே ‘சரிங்க’ என்றுதான் ஆரம்பிப்பார்.

“பரீட்சை இருக்கே டீச்சர், போதாதா? இது எதுக்கு?” என்று கேட்டும் பார்த்தார்.

“பரீட்சையில தப்பு பண்ணா மார்க் போயிடும் சார். தப்பு பண்ணிட்டு, அதைத் தானே சரி பண்ணிக்க இந்தப் பிள்ளைங்களுக்கு நாம எங்க சார் இடம் குடுத்தோம்?”



விதி வந்த கையோடு, பள்ளிக்கு எதிரே இருந்த எழுதுபொருள் கடையில் ரெடிமேட் காற்றாலைகள் வந்து இறங்கின. அதற்காகத்தான் மேசையில் பாதி இடம் செய்யும்போது கெட்டுப்போனவற்றுக்கு என்று டீச்சர் இன்னொரு விதி எழுதினார். கடைக்காரர் மட்டும் சளைத்தவரா? “உடைஞ்சதும் சேர்த்து செட்டா தர்றேன் தம்பி” என்று ஆரம்பித்துவிட்டார். இடையில் நடந்த ஒரு சோதனையில், பெற்றோர் சங்கத் தலைவரின் மகன் கொண்டுவந்த முறிந்த இறக்கையை டீச்சர் எடுத்துப் பக்கத்து மேசை இறக்கையோடு சேர்த்து வைத்தார். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே வாக்கில் முறிந்திருந்தன. “ரெண்டும் கைகோத்துக்கிட்டு விழுந்துச்சோ?” என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் சங்கத் தலைவர் தலைமையாசிரியரின் காதைக் குடைந்து எடுத்துவிட்டார். டீச்சர் இம்மியும் அசையவில்லை. கருகிய கம்பியோடு இன்று நெளிந்து நின்றவன் அதே பையன்தான்.

ஆகவே, டீச்சரோடு நடுவராக மேசை மேசையாக வந்துகொண்டிருந்த தலைமையாசிரியருக்கு ஜன்னலோர மேசையைப் பார்த்ததும் திக்கென்றது. ஒரு பாதியில் நீல மேல்சட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. மறுபாதி வெறிச்சென்று கிடந்தது. அங்கே நின்ற பெண்ணை அவருக்குத் தெரியும். வெளியூரில் நர்சிங் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் சான்றிதழோடு போய்ச் சேராவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். இன்று தேறாதவர்களுக்கு இனி அடுத்த வருடம்தான்.

“கெட்டது எங்கே?” என்றார் டீச்சர்.

“இல்ல டீச்சர்.”

“ஒரே தடவையில வந்துடுச்சா?”

“இல்ல டீச்சர். எத்தனையோ தடவை தப்பாச்சு.”

“அப்ப அதெல்லாம் எங்கே?”

அவள் சட்டையின் மேல் கையை வைத்தாள். டீச்சர் பேனாவை மூடினார். அவர் மூடினால் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

“பிள்ளை என்ன சொல்லுதுன்னு கேட்டுடலாமே டீச்சர்.” சொன்னது தான்தான் என்று தெரிந்து தலைமையாசிரியரே ஆடிப்போனார்.

“எங்க அம்மாவுக்கு வலது கை விளங்காது சார்” என்றாள் அவள். “போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு. தினமும் காலையில நான்தான் சட்டை போட்டு விடறேன். நான் ஹாஸ்டலுக்குப் போயிட்டா யாரு போட்டு விடுவா? அதான் ஒரு கையாலேயே போட்டுக்கிற மாதிரி தைச்சுப் பார்த்தேன். பொத்தான் வச்சேன், அம்மாவால முடியல. பிரிச்சேன். கொக்கி வச்சேன், குத்துதுன்னாங்க. அதையும் பிரிச்சேன். கையை மாத்தினேன், கழுத்தை மாத்தினேன். துணி இது ஒண்ணுதான் டீச்சர் இருந்துச்சு. கெடுத்துட்டு வேற எடுக்க முடியாது. இதையேதான் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன்.”

டீச்சர் சட்டையை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். துணியெங்கும் ஊசித் துளைகள். தோளில் ஒரு வரிசை, விரற்கடை தள்ளி இன்னொரு வரிசை, கழுத்தைச் சுற்றி மேலும் மேலும் வரிசைகள். பிரித்த தையல் ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே துளையாக நின்று, அதன் வழியே வெயில் பொடிப் பொடியாக வந்தது. காலமெல்லாம் விடைத்தாள் திருத்திய மனிதர் தலைமையாசிரியர். ஒரு பிள்ளையின் உழைப்பை இப்படிக் கண்ணால் பார்த்ததில்லை. கைகூப்பலாம் போலிருந்தது. பதவியை நினைத்து அடக்கிக்கொண்டார்.

டீச்சர் அந்தத் துளை வரிசைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனார்.

“விதி தப்பு சார்” என்றார் கடைசியில். “கெடுத்துப் போட வசதி இல்லாத பிள்ளைங்களை நான் நினைச்சே பார்க்கல. இன்னிக்கே மாத்திடுவோம்.” பிறகு அவளிடம் திரும்பினார். “நீ பாஸ்ம்மா. தைரியமா ஊருக்குக் கிளம்பு.”



டீச்சர் தம் வலது கையை உயிரற்றதுபோலத் தொங்கவிட்டார். சட்டையில் நீளவாக்கில் திறந்திருந்த வலது கைப்பகுதியை இடது கையால் அதன்மேல் சுற்றி, பிரஸ் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். இடது கையை நுழைத்தார். முன்பக்கத்தை இழுத்துச் சேர்த்து மேலிருந்து கீழாக வந்தார். அடிப் பட்டன் மட்டும் நழுவி நழுவிப் போனது. பழக்கத்தில் அவள் கைகள் தாமாக உதவிக்கு நீண்டன. டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் கைகளைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டாள். டீச்சர் இடது கட்டைவிரலால் தடவித் தடவி அந்தப் பட்டனைக் கண்டுபிடித்து, அழுத்தினார்.