சைரன் கேட்டுப் பள்ளத்தில் இறங்கியவர்கள்

அரியலூர்ப் பக்கம் கல்லாக மாறிய சங்கும் நத்தையும் பார்க்கப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். கூடவே எண்பதுகளின் நடுவில் நான் போன கதையையும் கேட்டுவிடுங்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பங்குனி மாதம். திருச்சியில் காலை 6.10 பாசஞ்சர் ஏறி அரியலூரில் இறங்கியபோது மணி 8.25. டிபனை முடித்துவிட்டுச் செந்துறை பஸ், ஒன்றரை ரூபாய் டிக்கெட். பதினோராவது கிலோமீட்டரில் இறக்கிவிட்ட கண்டக்டர், "தொப்பி இல்லாம வந்துட்டீங்களே சார், மண்ட காஞ்சிடும்" என்று சிரித்தார். அங்கிருந்து மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடை. வழியில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம், அதை ஒட்டி ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம்.

வறண்ட ஓடையின் கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். 11.20க்குச் சைரன் ஊதியது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்வி என்ற பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு ஓடி வந்தார்.

"வெடி வெக்கப் போறாங்க சார், கல்லு தெறிக்கும். பாலத்தடிக்கு வாங்க!"

அந்த ஊரில் அதுதான் பழக்கம். சைரன் என்றால் சுரங்கத்தில் வெடி, உடனே ஓடைக்குள் இறங்கிப் பாலத்துக்கு அடியில் பதுங்க வேண்டும். பதுங்கினோம். வெடிச் சத்தம் வரவில்லை, பிளீச்சிங் பவுடர் நெடிதான் வந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. குழந்தைக்கு இருமி இருமி உதடு நீலமாகிவிட்டது.

தொழிற்சாலையின் பம்ப் ஆபரேட்டர் சைக்கிளில் கத்திக்கொண்டே வந்தார். "குளோரின் சிலிண்டர் கசியுதுங்க! கீழ நிக்காதீங்க, மேட்டுக்கு ஏறுங்க!" தண்ணீரைச் சுத்தம் செய்ய வைத்திருந்த சிலிண்டராம். என் பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்துக் குழந்தையின் மூக்கை மூடி, மேட்டுக்கு ஏறி, மண்பாதையில் ரோடுவரை ஓடி, வந்த பஸ்ஸை மறித்து அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்றாம் நாள்தான் குழந்தை பால் குடித்தது. அதுவரை நானும் ஊர் திரும்பவில்லை.

நாலாம் நாள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த செல்வியோடு தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். அதிகாரி வெளியே வந்து, "நாங்கதான் சைரன் அடிச்சோமேம்மா. நீ எதுக்குப் பள்ளத்துல எறங்குன?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. குளோரின் காற்றைவிடக் கனம், பள்ளம் தேடித்தான் போகும். சிலிண்டர் வாங்குகிறவனுக்கு அது தெரியும். ஊருக்குச் சொன்னார்களா? கல்லுக்கும் வாயுவுக்கும் ஒரே சைரனை ஊதிவிட்டு, பழி மட்டும் ஆடு மேய்க்கிறவள் மேல்! கத்திவிட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போகிறவர்களுக்கு: தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். எந்தச் சைரன் எதற்கு என்று தொழிற்சாலை வாசலில் கேட்டுவிட்டு நடங்கள். பிளீச்சிங் பவுடர் நெடி வந்தால் பள்ளத்தில் இறங்காதீர்கள். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே நடந்து மேட்டுக்கு ஏறுங்கள்.

அன்றைக்கு நாங்கள் வாசலிலேயே நின்றிருந்தபோது மறுபடியும் சைரன் ஊதியது. செல்வி ஓடைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார், நின்றார், குழந்தையை இறுக்கிக்கொண்டு வாட்ச்மேனைப் பார்த்தார்.

"அண்ணே, ஏறணுமா, எறங்கணுமா?"

"தெரியலயேம்மா," என்றார் அவர். "செத்த இரு, உள்ள கேட்டுட்டு வரேன்."