ஜீப் யாருக்கு ஓடியது

டெக்சாஸில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் திடீரென்று மலை மேல் ஆசை வந்தது. வால்பாறை, நீலகிரிப் பக்கம் வாழ்ந்த பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்து, இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சேர்த்துவைக்க வேண்டுமாம். பிள்ளைகள் கேட்டுக் கிழித்தார்கள்! பேசப்போகிறவர்களின் பெயர்களை வாட்ஸப்பில் போட்டபோது, அதில் எங்கள் எஸ்டேட்டின் பழைய மேனேஜர் பெயரும் இருந்தது. பேர்லேண்டில் மகன் வீட்டில் இருக்கிறாராம். "அந்த அங்கிளை நான் பண்றேன்" என்று முந்திக்கொண்டேன்.

அவர் வாயிலிருந்து எனக்கு ஒரே ஒரு விஷயம் வர வேண்டியிருந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், தேயிலைக் காட்டில் நிழல் மரத்தின் கிளை கழிக்க ஏறிய அப்பா கீழே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு அம்மா பங்களா வாசலில் நின்றாள். ஜீப் அங்கேதான் நின்றது. நாய்க்கு ஊசி போடப் பொள்ளாச்சி போக வேண்டும் என்று இந்த மேனேஜர் துரை தரவில்லை. கொழுந்து ஏற்றும் டிராக்டரில் அப்பாவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. ஆமாம், தரவில்லை என்று அந்த ஆள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை சுகர் லேண்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு போனேன். மருமகள் காபி கொடுத்தாள். நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மனிதர் மூடுபனி, பங்களா ரோஜா, கிளப்பில் பேட்மின்டன் என்று அளந்துகொண்டே போனார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

"லேபர் எல்லாம் எங்களுக்கு ஃபேமிலி மாதிரிம்மா. யாருக்கு முடியலன்னாலும் நம்ம ஜீப்தான் ஓடும்."

"நாய்க்குத்தானே அங்கிள் ஓடிச்சு?"

"என்னம்மா சொல்ற?"

"மரத்துலேர்ந்து விழுந்த ஆளுக்குக் குடுக்காம, உங்க நாயை ஏத்தி அனுப்புனீங்களே. அந்த ஆளோட பொண்ணு நான்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ரெக்கார்டரை ஆஃப் பண்ணு."

"நாயோட பேராவது ஞாபகம் இருக்கா?"

அது டக்கென்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் சங்கத்து ஆன்ட்டி கூப்பிட்டார். "அந்த ஜீப் பார்ட்டை மட்டும் எடிட் பண்ணிடும்மா. பாவம், வயசானவர். அவர் பையன்தானே நம்ம எல்லாருக்கும் டாக்டர்?"

"யாரு ஆன்ட்டி பாவம்?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தேன்.

அம்மா அப்போது விசிட்டர் விசாவில் என்னோடு இருந்தாள். அந்தப் பதிவைக் கேட்டால் அவள் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் குரல் வந்ததுதான் தாமதம், அம்மா சோபாவிலிருந்து எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்து நின்றாள்.

"உக்காரும்மா, அது வெறும் ரெக்கார்டு!"

உட்காரவில்லை. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. டெக்சாஸ் வரைக்கும் வந்தும் இவளை உட்கார விடுகிறானா பாவி!

நாய் என்று நான் சொன்ன இடம் வந்தது. அம்மா பதறிப்போய் ஸ்பீக்கரைக் கையால் பொத்தினாள்.

"மெதுவாடி, தொரைக்குக் கேட்டுரப் போகுது."

அவள் கையை விலக்கிவிட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.