சோளம் ஊறினால் பயணம் இல்லை

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று தையல்காரி தன் தங்கையைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளுக்குச் சக்கரம் என்றே பெயர் நின்றுவிட்டது. கப்பல் சமையலறைகளில் பல வருஷம் உழன்றுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தவளால் ஒரு நாற்காலியில் முழுசாக உட்காரக்கூட முடியவில்லை. நுனியில்தான் உட்காருவாள், முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். நாளெல்லாம் தையல் மெஷினை மிதிக்கிற அக்காவின் கால்கூட நடுவே ஓய்வெடுக்கும். இவளுடையது எடுக்காது.

அந்தக் கால் அடங்குவது டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டி தட்டும்போது மட்டும்தான். தூர தேசத்துத் துறைமுகம் ஒன்றில், வாடகைக்குத் தங்கிய வீட்டில் பழகிய வேலை. மாலையில் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, அப்படியே ஊற விடுவாள். காலையில் தோலைக் கசக்கிக் கழுவி, கெட்டியாக அரைத்து, உருண்டை பிடித்து, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே மாற்றி மாற்றித் தட்டிச் சூடான கல்லில் போடுவாள். ஓரம் எழும்பியதும் புரட்டி, மறுபடி புரட்டி, விரலால் லேசாக அழுத்தினால் போதும். கோபித்துக்கொண்ட குழந்தையின் கன்னம் மாதிரி உப்பும்.

ஊறப் போட்டால் மறுநாள் இருக்கிறாள் என்று அர்த்தம். சோளத்தை வீணாக்கிவிட்டுப் போகிறவள் இல்லை. யாரும் சொல்லாமலே வீட்டில் இது சட்டமாகிவிட்டது. மாடியில் குடியிருக்கும் எலெக்ட்ரீஷியன் படியிறங்கும்போதெல்லாம் கேட்பார்: "என்ன சக்கரம், இன்னிக்கு ஊறுதா, உருளுதா?"

அன்றைக்கு உருள்வதாகத்தான் இருந்தது. கப்பல் சமையல் மாஸ்டர் போன் செய்திருந்தார். மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்தால் கப்பல். தவறவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. சக்கரம் பையைக் கட்டி வாசலில் வைத்தாள். அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "போறவள யாரு புடிச்சு வச்சா?" என்றாள்.

காலையில் தண்ணீர் குடிக்கப் போன சக்கரம் அடுப்பருகே பாத்திரத்தைப் பார்த்தாள். மூடியைத் தூக்கினாள். சோளம் ஊறிக்கொண்டிருந்தது.

"யாருக்கா இத போட்டது?"

"நீதான் போட்டிருப்ப. ஊர் ஊராச் சுத்தினதுல மறதி வந்துடுச்சு." மெஷின் வேகமெடுத்தது. "வீணாப் போயிடும். சுட்டுட்டுப் போ."

தண்ணீர் தெளிவாக இருந்தது, சுண்ணாம்பில் வெந்த மஞ்சள் பாரிக்கவில்லை. ஒரு மணியை நசுக்கிப் பார்த்தாள். தோல் உரியவில்லை. சக்கரம் அப்படியே அரைத்தாள். மிக்ஸி கதறியது. உருண்டை பிடித்துத் தட்டினாள். ஓரமெல்லாம் வெடித்து, கையிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது.

மெஷின் நின்றது. அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சுண்ணாம்பு போட்டு வேகவைக்காம மாவு சேராதுக்கா."

"அது எனக்குத் தெரியாதா? சுண்ணாம்பு டப்பாவ எங்கெல்லாம் தேடினேன்! அதையும் சேத்து மூட்ட கட்டிட்டியே. சரி, வெறும் தண்ணியிலயாவது ஊறட்டும்னு போட்டேன்."

"இருடின்னு ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"சொன்னா இருப்பியா?"

"தெரியலக்கா."

"அதான் சொல்லல. எனக்காக இல்லாட்டியும் சோளத்துக்காகவாவது இருப்பன்னு பாத்தேன்."

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. சக்கரம் கையை உதறிவிட்டு வாசலுக்கு நடந்தாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுத்தமாக இருந்த அடுப்பை மறுபடி துடைத்தாள். பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

சுண்ணாம்பு டப்பா பையின் அடியில் கிடந்தது. சட்டைகள், ரப்பர் செருப்பு, மழைக்கோட்டு எல்லாவற்றையும் சக்கரம் தரையில் இழுத்துப் போட்டாள். டப்பா கைக்கு அகப்பட்டபோது பஸ் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

"அடுப்ப மூட்டுக்கா. இந்த ஒரு தடவதான். அப்புறம் கேக்காத."

"நான் எங்கடி கேட்டேன்?" என்றாள் அக்கா, தீக்குச்சியைக் கிழித்தபடி.

சக்கரம் பரவிக் கிடந்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். முட்டி ஆடிக்கொண்டுதான் இருந்தது.