மாஸ்டருக்கு நாக்கு போன கதை

சூரியன் தினமும் காலையில் எழுந்து வருவதே மாஸ்டர் வைக்கும் சூப்பின் வாசனை பிடிக்கத்தான். மழை பெய்வது அவருடைய அண்டாவை நிரப்ப. அவர் கரண்டியை ஒரு சுற்று சுற்றினால் பூமியும் கூடவே ஒரு சுற்று சுற்றும். சந்தேகம் இருப்பவர்கள் பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்துக்குப் போய் அவரையே கேட்கலாம். முன்பெல்லாம் அவர் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார்.

முப்பது வருடமாக நோயாளிகளுக்குச் சமைக்கிறவர். அடுப்பைப் பற்றவைக்கும் முன் கண்ணை மூடி வேண்டிக்கொள்வார். பேர்தான் வேண்டுதல். கேட்டால் சம்பள உயர்வுக்குப் போட்ட மனு மாதிரி இருக்கும். "கடவுளே, இன்னைக்கும் நானூறு பேருக்கு என் கையால சாப்பாடு. இதுவரைக்கும் ஒரு பானைகூட மிச்சத்தோட திரும்பி வந்ததில்ல. பாத்துக்கோ."

உப்பு பார்க்க வேறு யாரையும் அவர் விட்டதில்லை. தரை துடைக்கிற வாளிக்காரம்மா ஒருநாள் ஒரு சொட்டு நக்கிப் பார்த்து, "கொஞ்சம் குறையுதே மாஸ்டர்" என்றாள்.

"ஓ, துடைப்பத்துக்கெல்லாம் நாக்கு முளைச்சிடுச்சா?"

சமையல்கூடமே சிரித்தது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுத்து எழுந்தார். வந்த காய்ச்சல் வெறுங்கையோடு போகவில்லை. மூக்கையும் நாக்கையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தது. உப்பை வாயில் போட்டால் மணலை மென்ற மாதிரி இருந்தது. கட்டடம் முழுக்க டாக்டர்கள், ஆனால் மனிதர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கை அளவு தெரியும், சமாளித்துவிடலாம் என்று நினைத்தார். கைக்கு அளவு தெரிந்ததுதான். போட்டோமா இல்லையா என்ற பயம் வந்துவிட்டால் தெளிந்துகொள்ள நாக்கு வேண்டுமே! இன்னொரு தடவை போட்டார். அன்று ஆபரேஷன் வார்டுக்குப் போன பானை தொடாமலே திரும்பி வந்தது.

மேனேஜர் கத்தவில்லை. அதுதான் வலித்தது. "ஆபரேஷன் முடிஞ்சு முதல் வாய் சாப்பிடறவங்க மாஸ்டர். இன்னொரு தடவை திரும்பிச்சுன்னா, நீங்க பாத்திரம் கழுவுற பக்கம் போயிடுங்க."

மறுநாள் காலை அடுப்புக்கு முன்னால் கண்ணை மூடினார். வழக்கமான மனுவில் ஒரு வரிகூட இன்றைக்குப் பொருந்தவில்லை. கடைசியில், "கடவுளே, எனக்கு உப்பு தெரியல" என்றார்.

அவ்வளவுதான் வந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். யாரோ பக்கத்தில் இருந்து காதுகொடுத்துக் கேட்பதுபோல இருந்தது. முப்பது வருடத்தில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. கண் பொங்கிவிட்டது.

"என்ன மாஸ்டர், வெங்காயமா?" வாசலில் வாளிக்காரம்மா.

"ஆமா."

"நறுக்கி வச்சிருக்கறது முட்டைக்கோஸ்."

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். சூப் கொதித்ததும் கரண்டியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா. அன்னைக்கு நான் பேசினது தப்பு." அவளை அவர் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

அவள் ஊதினாள். குடித்தாள். அவசரமே படவில்லை. "துடைப்பத்துக்கு நாக்கு முளைச்சது நல்லதாப் போச்சு, இல்ல மாஸ்டர்?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் குரல் இறங்கியது. "இன்னும் ஒரு கை போடுங்க... ம், போதும்."

அன்று பானை காலியாக வந்தது. அதை வைத்துத் தப்பித்திருக்கலாம். ஆனால் அவரே போய் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் மோவாயைத் தடவினார். "அந்தம்மா ருசி பாக்கறவரைக்கும் கரண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்."

நாக்கு இன்னும் திரும்பவில்லை. வேண்டுதல் மட்டும் சுருங்கிவிட்டது. "கடவுளே, போதுமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிறார். "இத்தனை வருஷமா நானே பேசிட்டிருந்தேன். பாவம், அவரு வாய் திறக்க இடமே குடுக்கல" என்று தன் அக்காவிடம் சொல்லிச் சிரித்தார்.

போன லீவு நாளில் அந்த அக்கா வீட்டில்தான் சூப் வைத்தார். அக்கா மகள் சரியான வாலு. சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி மாமாவுக்கே டீ போட்டுக் கொடுத்தவள். அவள் கையில் முதல் கிண்ணம்.

"எப்படிடி இருக்கு?"

"சூப்பர் மாமா. உப்பு கரெக்ட்."

மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த டம்ளரைப் பார்த்தார். "இது மூணாவது டம்ளர் தண்ணி. நீ என்மேல பரிதாபப்பட்டுப் பொய் சொன்னா, நான் யாரை நம்பிக் கரண்டி பிடிக்கறது?"

"...கொஞ்சம் கூடத்தான் மாமா."

"அப்படி வா வழிக்கு." அவள் முழங்கைக்கு அடியில் இருந்த, அவள் கதை எழுதும் நோட்டை உருவி, முதல் வரியை விரல் வைத்துப் படித்தார். "சூரியன் எழுந்து வர்றதே என் சூப்பு வாசனைக்கா? ஏண்டி, இதை எழுதுறப்போ தண்ணி தாகம் எடுக்கலையா உனக்கு?"