சட்டியோடு வந்த கூட்டம்

உலகக் கோப்பை வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் தென்னைகளுக்குப் போட்டியாகக் கட்-அவுட்டுகள் எழும்பிவிடும். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற வழியெல்லாம், சின்னச் சின்ன இடவழிகளில்கூட, கடல் தாண்டி எங்கோ பந்து உதைக்கிற ஆண்கள் அரைக்கால் சட்டையோடு நின்று சிரிப்பார்கள். பிரேசில் தோற்ற அன்று எங்கள் ஜங்ஷனில் டீக்கடைக்காரர் கடையைத் திறக்கவில்லை. துக்கமாம்! அப்பேர்ப்பட்ட பந்துக் கிறுக்கு பிடித்த ஊர். அதே ஊரில், பக்கத்து வீட்டுக்காரி பந்து விளையாடுகிறாள், வந்து பாருங்கள் என்று சொன்னால், "அதுல என்னத்தப் பாக்க?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பாறசாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகியும் பந்தை விடாதவள். எங்கள் டீமில் ஒரு நர்ஸ் உண்டு, கோல் காக்கிற கோலி அவள்தான். பாலராமபுரத்தில் கைத்தறிக் கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடித்து ஓடி வருகிற ஒருத்தி உண்டு. மீதி எல்லாம் காலேஜ் பிள்ளைகள். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ்தான் எங்கள் ஆட்டம். ஆனால் ஏழு பேர் நின்று பழக எங்களுக்கு ஓர் இடம் கிடையாது. ஒரு ரப்பர் தோட்டத்து ஓரத்தில் ஆடுவோம். நேராக உதைத்த பந்து மரத்தில் அடித்து நம்மிடமே திரும்பி வரும். பால் வடிகிற சிரட்டையை அது தட்டிவிட்டால் தோட்டக்காரர் கத்திக்கொண்டு வருவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு.

நல்ல கிரௌண்டு என்றால் எங்கள் கிளப் கிரௌண்டுதான். சாயங்காலம் எல்லாம் அங்கே ஆண்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் எங்களுக்கு விடுங்கள் என்று கிளப் செக்ரட்டரியிடம் கேட்டேன். அவர் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டுத்தான் காதைக் கொடுப்பார்.

"ஆளு பாக்காத களிக்கு கிரௌண்டு எதுக்காக்கும்?" என்றார். ஆட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் களி என்றுதான் பேர். "டூர்ணமெண்டு ஃபைனலுக்கு முன்னால உங்க களி ஒண்ணு வைக்கலாம். ஆளு வந்தா செவ்வாயும் வெள்ளியும் உங்களுக்கு. வரல்லேன்னா பின்ன இந்தப் பேச்சே எடுக்கப்பிடாது."

சம்மதித்துவிட்டேன். பிறகுதான் நோட்டீஸைப் பார்த்தேன். ஆண்கள் ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு. எங்கள் ஆட்டம் மூன்று மணிக்கு. மூன்று மணி வெயிலில் எங்கள் ஊரில் கோழிகூட வெளியே வராது. மனுஷர்கள் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்றுவிட்டு ஃபேனுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற நேரம் அது.

அன்றைக்கு மரச்சீனி இருந்திருக்கும், மீன் இருந்திருக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும். கோட்டுகால் பக்கத்துக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. மாதா கோயில் நாள். என் மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, மற்ற நாளெல்லாம் எங்கள் ஜங்ஷனில் மீன் விற்கிறவர். சாயங்காலம் கூடையை இறக்கி வைத்து அவர் ஒரு குரல் கொடுத்தால், ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கதவுகள் திறக்கும். எந்த மீன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சட்டியோடு ஆள் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தத் தொண்டைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் மாமிக்கு வீடு கொள்ளாது. என் பூட்ஸைப் பார்த்துவிட்டு, "நானும் வாறேன். இஞ்ச இருந்து எந்தச் செவரப் பாக்க?" என்று கூடவே கிளம்பிவிட்டார்.

கிரௌண்டில் போய் இறங்கினால், ஒற்றசேகரமங்கலத்திலிருந்து எதிர் டீம் வேனில் வந்து நிற்கிறது. அதன் டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்குகிறார். செக்ரட்டரி குடைக்குள் இருக்கிறார். மைக் செட்டுக்காரர் ஃபைனலுக்காகக் கமுகு மரங்களில் பெரிய பெரிய ஸ்பீக்கர் குழாய்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் ஜனம். கமெண்டரி சொல்ல வேண்டியவர் வரவே இல்லை. 'சரியான களி' தொடங்கும்போது வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சரியான களியாம்! கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தேன். அது போய் எங்கள் வலையிலேயே விழுந்தது.

"எதுக்குட்டி மொகத்த இப்பிடி வச்சிருக்க?" என்று மாமி கேட்டார்.

"ஆளு ஒருத்தரும் வரல்ல மாமி. இண்ணையோட கிரௌண்டு போச்சு."

"விளிக்காம ஆளு எப்பிடி வரும்? மீனு கூட விளிச்சாத்தான் விக்கும்." நேராக மைக் செட்டுக்காரரிடம் போனார். "மக்கா, அத இஞ்ச தா." அவர் தரலாமா வேண்டாமா என்று செக்ரட்டரியைப் பார்ப்பதற்குள் மைக் மாமி கையில் இருந்தது.

ரெஃபரி விசில் ஊதினார். மாமிக்குக் கால்பந்து பற்றி ஒரு எழுத்தும் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு ராகம். அதை எடுத்து அவிழ்த்துவிட்டார்.

"வாங்கம்மோ... வாங்க, வாங்க! இண்ணைக்கு உள்ளது இண்ணைக்கு மட்டும்! ஐஸு வச்சது ஒண்ணும் இல்ல, எல்லாம் இப்பம் எறங்கினதாக்கும்! அந்தா, நெட்டையா ஒருத்தி வாறா, விடாத, பிடி! எக்க மருமவளாக்கும் இந்தா ஓடுதது! வீட்டில விளிச்சா காது கேக்காது, இஞ்ச ஒரு ஊத்து ஊதினா நிக்கா பாருங்க!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்தை வெளியே உதைத்தேன். ஆனால் குழாயின் சத்தம் சுற்றியுள்ள மூன்று ஊர்களையும் தாண்டிப் போயிருக்கிறது. தூரத்தில் இருப்பவர்களுக்கு வார்த்தை எட்டவில்லை, அந்த இழுப்பும் ஏற்றமும்தான் எட்டியது. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மைக் வைத்து மீன் விற்கிறார்கள் என்றால் கடலில் எப்பேர்ப்பட்ட மீன் கோளு பட்டிருக்க வேண்டும்! ஊர் அப்படித்தான் நினைத்தது.

முதலில் இடவழியிலிருந்து ஓர் அக்கா வந்தார். மஞ்சள் நைட்டி, தோளில் துவர்த்துத் துண்டு, கையில் மீன் சட்டி. செருப்புகூட மாற்றிப் போட்டிருந்தார், ஓட்டம் அப்படி. "என்ன மீனு? சாளையா?" என்று கேட்டுக்கொண்டே கிரௌண்டுக்குள் இறங்கிவிட்டார். ரெஃபரி விசில் ஊதி அவரை ஓரத்துக்கு அனுப்பினார். அடுத்து அலுமினியச் சருவப் பானையோடு இரண்டு பேர். ஸ்கூட்டரில் பிளாஸ்டிக் கவரோடு ஓர் அண்ணன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்காரர். கிரௌண்டைச் சுற்றிச் சட்டியும் சருவமுமாக ஒரு வளையமே நின்றுவிட்டது. ஒரு பூனையும் வந்தது, சத்தியம்.

"மீனு எங்க?" என்று எல்லோரும் மாமியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மீனு ஒண்ணும் இல்ல, களியாக்கும். வந்த காலு நிக்கட்டு, பாருங்க!" என்று மாமி மைக்கிலேயே பதில் சொன்னார். ஒரு வெட்கமும் இல்லை.

சிலர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து எதிர் டீமின் நெட்டைப் பெண் ஒரு அடி அடித்தாள். பந்து மேல் மூலைக்குப் போயிற்று. எங்கள் நர்ஸ் பறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். விரல் நுனியால் தட்டிவிட்டு, செம்மண்ணில் தோள் இடிக்க விழுந்து, எழுந்து மண்ணைத் துப்பினாள்.

"எக்க அம்மோ!" என்றார் மஞ்சள் நைட்டி அக்கா. "இது எனக்கு ஊசி போட்ட பிள்ளையில்லா!" சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதில் கையால் தட்ட ஆரம்பித்தார். சருவக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் ஃபைனலுக்குச் செண்டை வரும், எங்களுக்கு அலுமினியம் வந்தது. அந்தச் சத்தத்தில் ஓடியதுபோல நான் வாழ்க்கையில் ஓடியதில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. எங்கள் கோல் அடித்தது சேலைக் கடைக்காரி.

மூச்சு வாங்க செக்ரட்டரியிடம் போனேன். "பாத்தியளா? செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு."

அவர் தலையை ஆட்டினார். "இது மீனுக்கு வந்த ஆளாக்கும். களிக்கு வந்த ஆளில்ல. இதக் கணக்கில எடுக்க ஒக்காது."

நான் கத்தினேன். மலையாளத்தில் கொஞ்சம், தமிழில் மீதி. எதற்கு வந்தால் என்ன, நின்று பார்த்தார்களா இல்லையா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு இன்னும் ஒருக்க வையுங்க. மைக்கு கிடையாது. உங்க மாமி சத்தம் கிடையாது. அப்பம் வாற ஆளு, களிக்கு வந்த ஆளு."

கோபத்திலும் ஒன்று புரிந்தது, மனுஷன் சொன்னதில் நியாயம் உண்டு. அதனால் கோபம் இன்னும் கூடிற்று. என்னைவிட மாமிக்குத்தான் மனசு நொந்தது. "எக்க தொண்டைக்கு ஒரு வெலையும் இல்லியா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் முழுக்க மாமி வாயைக் கட்டிக்கொண்டார். ஜங்ஷனில் மீன் வாங்க வந்தவர்கள், நர்ஸ் பிள்ளையின் தோள் எப்படி இருக்கிறது, இனி எப்போது களி என்று கேட்டால், "எனக்கு வாய் தொறக்க விலக்கு உண்டு" என்பாராம். சாளையைக்கூடச் சத்தம் போடாமல் விற்றாராம். பிடிவாதம் என்றால் அப்படிப் பிடிவாதம்.

அடுத்த ஞாயிறு வந்தது. அதே எதிர் டீம், அதே டிரைவர், அதே தூக்கம். கமுகு மரங்களில் குழாய் இல்லை. செக்ரட்டரி குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார். மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். விசில் ஊதியபோது பார்ப்பதற்கு வேறு ஒருவரும் இல்லை.

எனக்குக் கால் ஓடியது, மனசு ஓடவில்லை. ரப்பர் தோட்டம்தான் நமக்கு விதித்தது என்று நினைத்தேன். அழுகையாக வந்தது. ஆட்டத்தில் அழுதால் பொம்பளைக் களி என்று சொல்லிச் சிரிப்பார்களே என்று அடக்கினேன். சிரிக்கத்தான் யார் இருந்தார்கள் அங்கே!

சற்று நேரம் கழித்து இடவழிப் பக்கம் ஒரு நீலச் சேலை தெரிந்தது. மஞ்சள் நைட்டி அக்காதான். கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டு, ஆட்டிப் பார்த்து, உட்கார்ந்தார். பின்னாலேயே சருவக்கார அக்காக்கள் இரண்டு பேர், ஒரு குடைக்குள். ஸ்கூட்டர் அண்ணன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். டீக்கடைக்காரர் வந்தார். கிழக்கே மதிலுக்கு மேலே தலைகள் முளைத்தன. போன வாரத்தில் பாதிகூட இருக்காது. ஆனால் இவர்களை யாரும் விளிக்கவில்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். மதிலில் ஐந்து, இல்லை ஆறு, அந்தக் குடைக்குள் எத்தனை...

எண்ணிக்கொண்டே நின்றபோது பந்து என் காலுக்கு மெதுவாக உருண்டு வந்திருக்கிறது. நெட்டைப் பெண் கடைக்குப் போகிறவள்போல வந்து, அதை என் காலடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் வலையில் போட்டாள்.

"ஏட்டி!" என்று மஞ்சள் நைட்டி அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். "பந்து அங்க வருது, நீ இஞ்ச என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? கண்ணு உண்டா இல்லியா?"

"கைக்குழந்தை தடுக்கும் அத!" என்றது மதில்.

"அந்த நர்ஸு பாவம், அவ எம்புட்டுதான் பிடிப்பா?" என்றது குடை.

ஊர் என்னை இத்தனை காலம் எதற்கெல்லாமோ ஏசியிருக்கிறது. அரைக்கால் சட்டைக்கு, பொழுது இருட்டி வீடு திரும்பியதற்கு, கல்யாணத்துக்குப் பிறகும் ஓடுவதற்கு. ஒரு பந்தை விட்டதற்காக யாரும் ஏசியதில்லை. உள்ளே எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"ரப்பர் மூட்டில நிண்ணு பழகினா இம்புட்டுதான் வரும் அக்கா!" என்று நானும் கத்தினேன்.

"ரப்பர் மூட்டிலயா? ஏன், இந்தக் கிரௌண்டுக்கு என்ன?"

"தரமாட்டோம்னு சொல்லுதாவ."

அக்கா மெதுவாகச் செக்ரட்டரி பக்கம் திரும்பினார். மதில், குடை, ஸ்கூட்டர் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின.

"எலே, அப்பிடியா?" என்றார். "நான் அடுப்பில வச்சத எறக்கிப் போட்டுட்டு வந்து இருக்கேன். இதுவ தோக்கத பாக்கவா வந்தேன்? பழக எடம் குடுக்காம பின்ன எப்பிடிக் களிக்கும்?"

"இல்லக்கா, அது... செவ்வாயும் வெள்ளியும் குடுக்கலாம்னுதான்..." செக்ரட்டரி குடையைத் திறந்தார், மூடினார். முதல்முறையாக அவர் தலை மேலும் கீழும் ஆடியது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, என்னைக் காலிலிருந்து தலை வரை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்த ரெண்டு நாளு நர்ஸு பிள்ளைக்குப் போதும்," என்றார். "இவளுக்குப் பத்தாது. புதனும் குடு."