வெர்லாவும் ஏழாவது துளையும்

குண்டு வார்க்கும் அச்சின் பிடியை விரித்து, மரக்கட்டையால் லேசாக ஒரு தட்டு. ஈயக் குண்டுகள் இரண்டும் மடித்துப் போட்ட பழைய துண்டின் மேல் விழுகின்றன. வெர்லா நுட்சன் அவற்றின் முனையைப் பார்ப்பதேயில்லை. ஆறியதும் கவிழ்த்து, அடிப்பாகத்தின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்று தடவுகிறார். மயிரிழைக் குறை தட்டுப்பட்டாலும் குண்டு மறுபடி ஈயம் உருக்கும் பானைக்குப் போய்விடும்.

"மூக்கு கோணலா இருந்தாக்கூட நேராத்தான் போகும் டாக். அடி கோணலா இருந்தா எங்கயோ போயிரும்" என்பார். சொல்லிவிட்டு என் மூக்கைப் பார்ப்பார். பதினெட்டு வருடமாக இதே பார்வை.

வயது அறுபத்து மூன்று. எங்கள் பள்ளத்தாக்கின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். பின்பக்கம் கலாட்டா முற்றினால் திட்டமாட்டார். கண்ணாடியில் ஒருமுறை பார்ப்பார், பேருந்து தேவாலயமாகிவிடும். ஓய்வு நேரமெல்லாம் கொட்டகையில் ஈயப் பானையோடுதான். டயர் கடையில் கழற்றிப் போட்ட, சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டும் சின்ன எடைகளை வாளியோடு வாங்கி, கடையின் சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். 'தொப்' என்றால் ஈயம், வாளிக்கு. 'டிங்' என்றால் துத்தநாகம், குப்பைக்கு. துத்தநாகம் ஒன்று கலந்தாலும் பானை முழுக்கக் கெட்டுப்போகும். டயர் மாற்ற வந்தவர்கள் காரை மறந்து இதை வேடிக்கை பார்ப்பதுண்டு. ஈயம் விஷம் என்பதால் கொட்டகைக்குள் யாரும் எதுவும் தின்னக் கூடாது. சட்டைப்பையில் பிஸ்கட் வைத்திருந்ததற்காக ஒருமுறை நான் வெளியேற்றப்பட்டேன். பிஸ்கட்டுக்கும் எனக்கும் மறுவிசாரணை கிடையாது.

நான் ஊர் மருந்துக்கடைக்காரன். டாக்டர் இல்லாத ஊரில் என்னையே 'டாக்' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், நானும் மறுத்ததில்லை. துப்பாக்கிக் கழகத்தில் எனக்கும் உறுப்பினர் அட்டை உண்டு. நான் சுட்ட இலக்குத் தாளை அடுத்த வாரமும் பயன்படுத்தலாம், அவ்வளவு சுத்தமாக இருக்கும். அதனால்தான் என்னைப் போட்டிக்கு நடுவராக்கினார்கள்.

அந்தப் போட்டி செப்டம்பர் முதல் சனிக்கிழமை நடக்கும். ரிவால்வர் போட்டி. தன் கையால் வார்த்த குண்டைத்தான் சுட வேண்டும். ஐந்து தாள்கள், தாளுக்கு ஆறு குண்டு. ஜெயித்தவர் பெயரைக் கழகத்துச் சுவரிலிருக்கும் வால்நட் பலகையில் சூட்டுக்கோலால் பொறிப்பார்கள். பலகையில் ஹார்லன் பெக் என்ற பெயர் பதினோரு இடத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு விவசாயி, நல்ல மனுஷன், பதினோரு தடவையும் வெர்லாவிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடுதான் ஜெயித்தார். வெர்லாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பலகையைக் கடக்கும்போது அவர் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காமல் கடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் தோற்பது எப்போதும் ஐந்தாவது தாளில். இருபது இருபத்தைந்து குண்டு போனதும் குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும், குண்டுகள் குறி விலகிச் சிதறும். ஹார்லன் தன் குண்டுகளின் அடியில் 'கேஸ் செக்' மாட்டுகிறார்: சட்டைப் பொத்தானைவிடச் சின்ன செப்புக் கிண்ணம். பின்னாலிருந்து தள்ளும் சூடான வாயு ஈயத்தை உருக்காமல் அது தடுக்கும். வெர்லாவுக்கு அது பிடிக்காது.

"மெதுவா போற ரிவால்வர் குண்டுக்கு ஜட்டி எதுக்கு? வெக்கமா அதுக்கு?"

இங்கேதான் நான் நுழைந்தேன். உங்களுக்குக் கேஸ் செக்தான் மருந்து என்று, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னேன். அவருடைய அச்சில் வார்த்த குண்டின் அடியில் செக் உட்காரப் படிபோன்ற வெட்டு கிடையாது. அதனாலென்ன, மெல்லிய தகட்டில் நானே செய்து தருகிறேன் என்றேன். ஒரு வெட்டுக்கருவி வாங்கினேன். சோடா டின்களை வெட்டி இருநூறு கிண்ணம் தட்டினேன். மாத்திரை எண்ணுகிற தட்டில் வைத்து இரண்டு முறை எண்ணி, மருந்துக் குப்பியில் போட்டு, மேலே சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். 'குண்டுக்கு ஒன்று' என்று அதில் எழுதிய ஆள் நான்.

அரைமனதாக ஒப்புக்கொண்டார். கொட்டகையில் நான் எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு வெர்லா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கழலுதான்னு எல்லாத்தையும் இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

இருநூறில் பத்தைத்தான் இழுத்துப் பார்த்தேன். பத்தாவதில் நகம் உடைந்தது. அதோடு அறிவியல் போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

"சரி. மாத்திரை எண்ணுற கை. உன்னை நம்புறேன்" என்றார். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

போட்டியன்று நான்கு தாள் முடிந்தபோதே வெர்லா முன்னால் இருந்தார். ஹார்லன் ஐந்தையும் முடித்துவிட்டு வேலியில் சாய்ந்து நின்றார். வெர்லா ஐந்தாவது தாளுக்கு ஆறு குண்டையும் நிதானமாகச் சுட்டார். முதல் தடவையாகக் கடைசிச் சுற்று சிதறவில்லை. நான் தாளை எடுக்க ஓடினேன் என்றே சொல்லலாம். என் வயதில் அது வேக நடை. நடுவில் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவு இடத்துக்குள் ஆறு துளைகள். நான்கு புள்ளி வித்தியாசத்தில் வெர்லா ஜெயிக்கிறார். அப்போதுதான் இடது ஓரத்தில் ஏழாவதைப் பார்த்தேன். துளைகூட இல்லை, பிறை வடிவில் ஒரு கிழிசல். ஓரத்தில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. சோடா டின்னின் சிவப்பு.

பறக்கும்போது என் செக் ஒன்று கழன்று, தனியாகப் போய்த் தாளில் குத்தியிருக்கிறது.

எங்கள் கழகத்தின் விதி எளிது. கூடுதல் துளை விழுந்தால் சிறந்த துளை ஒன்று, அதாவது பத்துப் புள்ளி, கழியும். எதனால் விழுந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. பதினான்கு வருடத்துக்கு முன் ஹார்லனின் செக் ஒன்று இப்படித்தான் கழன்று தாளில் விழுந்தது. பாதிப் பேர் குண்டுகளை எண்ணிப் பார்க்க இலக்குக்குப் பின்னாலிருந்த மண்மேட்டைத் தோண்டினார்கள், மீதிப் பேர் சண்டை போட்டார்கள். அப்போது செயலாளராக இருந்தவர் அங்கேயே எழுதிய விதி அது. எழுதியவர் வெர்லா. அந்த விதியால் அந்த வருடம் ஹார்லன் தோற்றார்.

நான் தாளை மடித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்குள் ஹார்லன் வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

"இது செக் குத்துன கிழிசல், டாக். குருடனுக்கும் தெரியும். ஆறுன்னு எழுதிட்டு வா, ஆப்பிள் பையைச் சாப்பிடலாம், ஆறிடும்."

"எழுதாத" என்றார் வெர்லா, பின்னாலிருந்து.

"அட, நீ ஜெயிச்சுட்ட வெர்லா! எனக்குப் போதும், அந்தப் பலகையில என் பேரைப் பாத்துப் பாத்து எனக்கே அலுத்துப்போச்சு!"

"உனக்கு அன்னைக்கு எத்தனை கழிச்சேன்?"

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பத்து."

"அப்ப எனக்கும் பத்து."

"அன்னைக்கு நான் உன்மேல கோவப்பட்டேன். அதுக்காக இப்படியா?"

"கோவம் உன்னோடது. விதி என்னோடது."

என் கையில் பென்சில் இருந்தது, எழுத வரவில்லை. தப்பு என்னுடையது என்று உரக்கச் சொன்னேன். பத்துதான் சோதித்தேன், இருநூறு என்று பொய் சொன்னேன் என்றேன். நாற்பது பேர் எதிரில் எனக்கு அழுகை வந்தது. என் கடையில் மருந்து வாங்குகிறவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். சிலர் முகத்தில் தங்கள் மாத்திரைகளைப் பற்றிய கவலை தெரிந்தது.

வெர்லா பென்சிலை வாங்கினார். கிழிசலைச் சுற்றி வட்டம் போட்டு, பத்தைக் கழித்து, கூட்டுத்தொகை எழுதி, கையெழுத்திட்டு ஹார்லனிடம் நீட்டினார். இப்போது ஆறு புள்ளியில் ஹார்லன் முன்னால். மன்னிப்புக் கேட்கிற அதே முகத்தோடு அவர் தாளை வாங்கிக்கொண்டார்.

கூட்டம் ஆப்பிள் பை வெட்டும் மேசைப்பக்கம் கலைந்தது. நான் மட்டும் நின்றேன். வெர்லா மீதிக் குண்டுகள் இருந்த காப்பி டின்னைத் திறந்து, ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, என் செக்கை நகத்தால் நெம்பினார். வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. மூன்றாவது தயிர் ஏடு மாதிரி கையோடு வந்துவிட்டது. அந்தச் சின்னச் சிவப்புக் கிண்ணத்தை ஒருமுறை ஊதித் துடைத்தார். என் சட்டைப்பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் அவரே மாட்டிவிட்டார்.